ஐந்தே நிமிடத்தில் அறுகிற இணைப்பு

திங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு விபிஎன் நிற்கவில்லை என்று காலையிலிருந்து போன். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்: நெட் ஸ்லோ, மழை, மோடம் பழசு. கோவில்பட்டியிலிருந்து கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன். "தம்பி, வேலை பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகல. போன் வந்து எந்திரிச்சுப் போயிட்டு வந்தா அறுந்து கெடக்கு."

இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினியரும் சொல்லிவிட முடியாது. லைன் மோசமென்றால் வேலை நடுவிலும் அறுந்திருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மட்டும் அறுகிறதென்றால் எங்கோ ஒரு டைமர் ஓடுகிறது. அது யாருடைய டைமர் என்பதுதான் கேள்வி: அவர் கணினியா, வழியில் இருக்கும் கம்பெனியா, நம் ரவுட்டரா?

செவ்வாய்

ரவுட்டர் லாக்கில் அக்காவின் கணக்கை மட்டும் பிரித்தெடுத்தேன். கடைசியாக டேட்டா போனது 10:42:16, துண்டிப்பு 10:47:16. மதியம் 2:05:40, துண்டிப்பு 2:10:40. நொடி பிசகாமல் 300. ஒயர் இப்படி நேரம் பார்த்து அறாது. டயல்-இன் பயனர் பக்கத்தைத் திறந்தால் 'ஐடில் டைம்அவுட்' கட்டத்தில் அதே 300.

அந்த எண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது. மோடம் வைத்து டயல் செய்த காலத்தில், சும்மா கிடக்கும் இணைப்புக்கும் டெலிபோன் மீட்டர் ஓடும். அந்தப் பக்கம் இருக்கும் மோடம்களோ கொஞ்சம். ஒருவர் பிடித்துக்கொண்டால் அடுத்தவருக்கு எங்கேஜ்ட் டோன்தான். வேலையில்லாதவரைத் துண்டிப்பது இருவருக்கும் நல்லது. நம் விபிஎன் பயன்படுத்தும், 1999-ல் வந்த எல்2டிபி தன்னுள்ளே சுமப்பது போன் லைனுக்காகப் பழகிய அதே பிபிபியைத்தான். பழைய வழக்கங்களும் கூடவே வந்துவிட்டன. ஃபைபர் இணைப்பில் மாதக்கட்டணம் கட்டுபவரை ஐந்து நிமிடத்தில் அறுக்க இன்று காரணமே இல்லை.

0 என்று போட்டால் அறவே துண்டிக்காது. அதை நான் விரும்பவில்லை. திறந்தபடி விட்டுப்போன லேப்டாப் ஆபீஸ் வாசலைத் திறந்து வைத்ததற்குச் சமம். 3600 போட்டேன்.

புதன்

அக்காவுக்கு நிற்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கும் தென்காசிக்காரருக்கு இன்னும் அறுகிறது, ஆனால் ஐந்து நிமிடம் வரைகூடப் போகவில்லை. இது வழியில் இருக்கும் டைமர். மொபைல் கம்பெனியில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். யாருடைய பாக்கெட் எது என்று நேட் கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கும், அசைவில்லாத வரியை அழித்துவிடும். யுடிபி வரியை 2 நிமிடத்துக்குள் அழிக்கக்கூடாது, 5 நிமிடமாவது வைத்திருப்பது நல்லது என்று 2007-ல் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. எல்லாக் கருவிகளும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. இதற்கு மருந்து 20 நொடிக்கு ஒரு சின்ன கீப்அலைவ் பாக்கெட். அவர் கிளையண்டில் அது அணைந்திருந்தது, போட்டுவிட்டதும் சரியானது. நம் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை 'வேலை' என்று கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வழியில் இருக்கும் நேட் டைமரையும் நம் ஐடில் டைமரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வியாழன்

தென்காசிக்காரரே மறுபடி கூப்பிட்டார். இணைப்பு இருக்கிறது, ஃபோல்டர் பட்டியல் வருகிறது, பெரிய பிடிஎஃப்பைத் திறந்தால் அப்படியே நின்று கடைசியில் டைம்அவுட். சின்னது போய்ப் பெரியது போகாவிட்டால் எம்டியுவைத்தான், அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். 'பாக்கெட் பெரிது, உடை' என்று வழியிலிருந்து திரும்ப வேண்டிய ஐசிஎம்பி செய்தியை எங்கோ ஒரு ஃபயர்வால் விழுங்கினால், அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார்.

பிங்கில் உடைக்காதே என்று சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னேன். 1372-க்குப் பதில் இல்லை. 1322-க்கு வந்தது. தலைப்பு 28 பைட் சேர்த்தால் 1350. டனல் எம்டியுவை அதற்கு இறக்கினேன். போனைக் கீழே வைக்காமலே பிடிஎஃப்பைத் திறந்தார். "வந்துருச்சு சார், முழுசா வந்துருச்சு!"

இன்னொருவருக்கு டயல் செய்யும்போதே பிழை 718 வருகிறது. பிபிபி பேச்சுவார்த்தையில் எதிர்முனை உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று அர்த்தம். 'அடிக்கடி வருது' என்றார். வரும்போதெல்லாம் மணி பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.