பாதையை விட்டு நான்கடி

அல்லாஹ்வின் அருளால், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு ரெய்னியர் மலைக்குச் சென்றோம். சியாட்டிலிலிருந்து காரில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மலையின் தென்சரிவில், 1,645 மீட்டர் உயரத்தில் உள்ள இடத்திற்குப் 'பாரடைஸ்' என்று பெயர். சுவனத்தின் பெயரை இவ்வுலகில் ஓரிடத்திற்குச் சூட்டுவது எங்களுக்குச் சற்று உறுத்தியது. ஸ்கைலைன் பாதையில் ஏறத் தொடங்கியதும் அவ்வுறுத்தல் குறைந்துபோயிற்று.

சரிவெங்கும் நீல லூபின் மலர்கள். அவற்றிடையே மருதாணிச் சிவப்பில் இந்தியன் பெயின்ட்பிரஷ். பூத்து முடிந்த அனிமோன்கள் நரைத்த தாடி போன்ற விதைக்கொத்துகளோடு நின்றன. பாறை இடுக்கிலிருந்து மார்மட் ஒன்று சீழ்க்கையடித்தது.

ஒன்றேகால் மணியளவில் லுஹர் நேரம் வந்தது. ஒளுவோடுதான் இருந்தோம். பாதையிலோ கூட்டம். சற்றுத் தள்ளி, ஃபிர் மரங்களின் மறைவில் சமமான புல்வெளி தெரிந்தது. நாங்கள் இருவரும் பாதையை விட்டு நான்கடி வைத்தோம். மகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாப்பா, பூவை மிதிக்கிறீங்க!"

கீழே இருந்த அறிவிப்புப் பலகையை அவள் படித்திருந்தாள். இங்கே ஜூலை நடுப்பகுதி வரைகூடப் பனி கிடக்கும். 1971-72 இல் ஓராண்டுக்குள் 28 மீட்டருக்கும் அதிகமாகப் பெய்திருக்கிறது. எஞ்சிய சில வாரங்களில் செடி தளிர்த்து, பூத்து, விதைத்தாக வேண்டும். மிதிபட்டது மீளப் பல ஆண்டுகள் ஆகும்.

"பூமி முழுவதையும் அல்லாஹ் தொழுமிடமாக ஆக்கியிருக்கிறான்மா" என்றோம்.

"பாறையும் பூமிதானே வாப்பா?"

பதில் இல்லை. எங்களை அங்கே இழுத்தது இடநெருக்கடி அன்று, வெட்கம். பிறர் பார்க்க ஸுஜூதில் நெற்றி வைக்கக் கூசினோம்; அக்கூச்சத்திற்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைத்தோம்.

பனோரமா பாயின்ட் வரை ஏறினோம். அங்கே வெறும் கல்லும் மண்ணும்தான். அப்பகுதியிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாயும். ஆகவே பனிமூடிய சிகரம் எங்களுக்கு முன்னால், சிறிது இடப்பக்கமாக நின்றது. லுஹரைச் சுருக்கி ஜமாஅத்தாகத் தொழுதோம். எங்களில் ஷாஃபியீயாக வளர்ந்தவர் அஸ்ரையும் சேர்த்துத் தொழுதார். ஹனஃபியானவர் அதற்குரிய நேரத்திற்கு விட்டுவைத்தார். (இது எங்கள் வீட்டின் பழைய வழக்கு, தீர்ப்பு இன்னும் வரவில்லை.) முதிய தம்பதியர் இருவர் பேச்சைத் தாழ்த்தி, சுற்றிக்கொண்டு நடந்தனர். மற்றவர்கள் எங்களைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

முழுவதும் சுற்றிவர 9 கிலோமீட்டர், கால்கள் ஒப்பவில்லை. வந்த வழியே இறங்கினோம். ஃபிர் மரங்களருகே மகள் நின்றாள். இரண்டு லூபின் தண்டுகள் இன்னும் படுத்தே கிடந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில், காரின் பக்கத்திலேயே, ஹனஃபியானவர் அஸ்ருக்கு விரிப்பை விரித்தார். மகள் அவருடைய காலணிகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.