டெல்டாவின் குட்வில்

டெல்டா என்றால் நமக்குக் காவிரிதான். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், குறுவை தேறுமா, சம்பாவுக்கு மிஞ்சுமா... நம்ம கவலை அது. ஆனால் இத்தாலிக்குப் போய் ஐம்பது வயது தாண்டிய ஆசாமி யாரிடமாவது 'டெல்டா' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சட்டென்று வாலிபமாகிவிடும். காற்றில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு வாயாலேயே டர்போ சத்தம் போட்டுக் காட்டுவார். அவர் மனதில் இருப்பது லான்சியா டெல்டா. ஒரு கார்.

அதுவும் எப்பேர்ப்பட்ட கார்? தாழ்வாக, தகடு மாதிரி இருக்கிற ரேஸ் கார் இல்லை சார். நாலு பக்கமும் கதவு, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற ஐந்தாவது கதவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற குடும்பக் கார். இந்த மளிகைக் கார்தான் 1987 முதல் 1992 வரை, தொடர்ந்து 6 வருஷம், உலக ராலி சாம்பியன்ஷிப்பில் கார் கம்பெனிகளுக்கான பட்டத்தை வேறு யாரையும் தொட விடவில்லை. மொத்தம் 46 ராலிகளில் முதலிடம்.

ராலி என்பது வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிற பந்தயம் இல்லை. மலைப்பாதை, பனி, சரளைக்கல், சேறு எல்லாம் உண்டு. ஒவ்வொரு காராகக் கிளம்பும், போட்டி கடிகாரத்தோடு. பக்கத்து சீட்டில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுத்த வளைவு இடதா வலதா, எவ்வளவு கூர்மை என்று கத்திப் படித்துக்கொண்டே வருவார். ஓட்டுகிறவர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதைத்தான் நம்ப வேண்டும். கல்யாணமானவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

எனக்கு டெல்டா அறிமுகமானது இத்தாலியில் அல்ல, வீடியோ கேமில். 1995-ல் சேகா கம்பெனி 'சேகா ராலி' என்று ஒரு ஆட்டம் கொண்டுவந்தது. காசு போட்டால் திரையில் இரண்டு கார் வரும். ஒன்று டொயோட்டா செலிகா, இன்னொன்று டெல்டா. நான் பி.காம். படித்த காலத்தில் அந்த மெஷினுக்குக் கொட்டிய சில்லறையைச் சேர்த்திருந்தால் ஒரு பழைய மொபெட் வாங்கியிருக்கலாம். நண்பர்கள் எல்லாம் வழவழவென்று இருந்த செலிகாவை எடுப்பார்கள். எனக்கு மட்டும் அந்தச் சப்பையான, சதுரமான டெல்டா. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. நம்ம வீட்டு வாசலிலும் நிற்கக்கூடிய கார் மாதிரி இருந்தது என்பது காரணமாக இருக்கலாம்.

லான்சியா கம்பெனி 1906-ல் டூரின் நகரத்தில் தொடங்கியது. ஆரம்பித்தவர் வின்சென்ஸோ லான்சியா, ஃபியட் கார்களைப் பந்தயத்தில் ஓட்டியவர். கார்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, லாம்டா என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தார்கள். டெல்டாவும் அந்த வரிசைதான். 1922-ல் வந்த லாம்டாவில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும். உலகமே பின்னால் அந்த வழிக்கு வந்தது. 1950-ல் வந்த ஆரேலியா, வி6 என்ஜினோடு ஃபாக்டரியில் வரிசையாகத் தயாரான முதல் கார். என்ஜினீயர்கள் ஆண்ட கம்பெனி என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா? கணக்குப்பிள்ளை பேச்சை யாரும் கேட்கவில்லை. ஆகவே 1969-ல் கடன் கழுத்தை நெரித்தது, ஃபியட் வாங்கிக்கொண்டது. பங்குக்கு ஒரு லிரா கொடுத்ததாகச் சொல்வார்கள். கடன் தனி.

1979-ல் டெல்டா வந்தது. வடிவமைத்தவர் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ. நம்ம தெருக்களில் ஓடிய குட்டி டேவூ மாட்டிஸுக்கும் அவருடைய நிறுவனத்தின் டிசைன்தான் மூலம். 1980-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது டெல்டாவுக்குக் கிடைத்தது. அமைதியாக விற்றது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

இனி வருவது கொஞ்சம் கனமான சங்கதி.

80-களின் நடுவில் ராலியில் 'குரூப் பி' என்று ஒரு பிரிவு இருந்தது. 200 கார் செய்து காட்டினால் போதும், பந்தயத்துக்கு விடலாம். எனவே கம்பெனிகள் கார் என்ற பெயரில் ராக்கெட் செய்தார்கள். லான்சியா செய்ததற்கு டெல்டா எஸ்4 என்று பெயர். முகஜாடை மட்டும்தான் டெல்டா. உள்ளே குழாய்க் கூடு, நடுவில் என்ஜின், அதற்கு சூப்பர்சார்ஜரும் உண்டு, டர்போவும் உண்டு. 1.8 லிட்டர் என்ஜினிலிருந்து சுமார் 500 குதிரை சக்தி. 1985 நவம்பரில் இங்கிலாந்தில் முதல் போட்டி, முதல் வெற்றி. ஓட்டியவர் ஹென்றி தொய்வோனென், ஃபின்லாந்துக்காரர்.

1986 மே 2. பிரான்ஸுக்குச் சொந்தமான கோர்ஸிகா தீவில் ராலி. தொய்வோனென்தான் முன்னணியில் இருந்தார். ஒரு இடதுபக்க வளைவில் கார் ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கியது. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில். தீப்பிடித்த காரில் மிஞ்சியது இரும்புக் கூடு மட்டும். அவருக்கு வயது 29. கூட இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் போய்விட்டார். அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 1985 மே 2, அதே ராலியில்தான் இன்னொரு லான்சியாவில் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். அந்த 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு கார் கூட்டத்துக்குள் புகுந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூன்று பேர் செத்தார்கள். போதும் என்று முடிவெடுத்தார்கள். 1987 முதல் குரூப் பி கிடையாது.

புதிய சட்டம் இதுதான். இனிமேல் 'குரூப் ஏ' கார்தான் ஓட வேண்டும். 12 மாதத்தில் 5,000 கார் செய்திருக்க வேண்டும். அதாவது கடையில் விற்கிற கார்தான் காட்டிலும் ஓடலாம். எல்லா கம்பெனியும் திருதிருவென்று விழித்தது. லான்சியாவிடம் மட்டும் கடையில் கார் தயாராக இருந்தது. அதே 1986-ல் வெளிவந்த டெல்டா எச்.எஃப். 4 வீல் டிரைவ். 2 லிட்டர் டர்போ, 165 குதிரை சக்தி. ராக்கெட் கார்கள் வீட்டுக்குப் போனதும் மளிகைக் கார் மைதானத்துக்கு வந்துவிட்டது.

டெல்டா ரசிகர்கள் 6 பட்டத்தைப் பேசும்போது எஸ்4 கதையைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேறு வண்டி, இது வேறு வண்டி என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கோர்ஸிகா வளைவில் அந்த இரண்டு பேர் போகாமல் இருந்திருந்தால் குடும்பக் காருக்கு இந்த மேடையே கிடைத்திருக்காது. புகழைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் அந்தத் தேதியையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

சரி, அந்தக் காரில் அப்படி என்ன இருந்தது? இரட்டை மாட்டு வண்டி பார்த்திருப்பீர்கள். ஒரு மாட்டுக்குச் சேற்றில் கால் வழுக்கினால் இன்னொரு மாடு இழுத்துக் கரை சேர்க்கும். டெல்டாவின் சூத்திரமும் அதுதான். என்ஜினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகும். நடுவில் ஒரு டப்பா. உள்ளே வட்டத் தகடுகள், சுற்றிலும் சிலிக்கான் திரவம். முன் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழன்றால் திரவம் தகடுகளை இறுக்கிப் பிடித்து, இழுவையைப் பின்னால் தள்ளிவிடும். முதலில் முன்னுக்கு 56, பின்னுக்கு 44 பங்கு என்று வைத்தார்கள். 16 வால்வு மாடல் வந்தபோது 47, 53 என்று புரட்டினார்கள். வளைவில் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டுமே!

பந்தயத்தில் எது தேவைப்பட்டதோ அது கடைக் காரிலும் ஏறியது. சட்டம் அப்படி. பெயரும் 'இன்டெக்ராலே' என்று நீண்டது. சக்கரம் அகலமாக வேண்டுமா, மட்கார்டைப் புடைக்க வை. என்ஜின் சூடாகிறதா, பானெட்டில் ஓட்டை போடு. 165 குதிரை 185 ஆகி, 200 ஆகி, 1991-ல் 'எவல்யூஸியோனே' வந்தபோது 210 ஆனது. நம்ம பத்மினிக்கு 40 சொச்சம். அவளும் ஃபியட் குடும்பத்துப் பெண்தான், தூரத்துச் சொந்தம். ஜுஜாரோ வரைந்த ஒல்லிப் பையன் இதற்குள் ஜிம்முக்குப் போன பயில்வானாகிவிட்டான். இத்தாலிக்காரர்கள் செல்லமாக 'டெல்டோனா' என்றார்கள். பெரிய டெல்டா என்று அர்த்தம்.

முகப்பில் ஒரு குட்டி யானை உண்டு. எச்.எஃப். என்பது 'ஹை ஃபிடிலிட்டி', விசுவாசம். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் துதிக்கையை நீட்டிக்கொண்டு ஓடுகிற யானைதான் லான்சியா ராலி கார்களின் ராசிச் சின்னம். டாஷ்போர்டில் பிள்ளையார் வைக்காமல் வண்டி எடுக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1992-க்குப் பிறகு? ஒன்றுமில்லை. அதுதான் வேடிக்கை. அந்த ஒரு வருஷத்தில் டிடியே ஆரியோல் 6 ராலி ஜெயித்தும் டிரைவர் பட்டம் டொயோட்டாவின் கார்லோஸ் சாயின்ஸுக்குப் போனது. 1993-ல் அதே சாயின்ஸ் டெல்டாவுக்கு மாறினார், ஒரு வெற்றிகூட இல்லை. கம்பெனி அதற்குள் கையைக் கழுவியிருந்தது. ஃபியட் தன் பந்தயப் பணத்தை ஆல்ஃபா ரோமியோ பக்கம் திருப்பிவிட்டது. அடுத்த டெல்டா 1993-ல் வந்தது, 4 வீல் டிரைவ் இல்லாமல். 2008-ல் மூன்றாவதாக ஒரு டெல்டா வந்தது. அதை இங்கிலாந்தில் கிரைஸ்லர் என்று பெயர் மாற்றி விற்றார்கள். 2017-லிருந்து சில வருஷம் லான்சியா என்றால் இப்சிலான் என்ற ஒரே ஒரு குட்டிக் கார், அதுவும் இத்தாலியில் மட்டும். சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஜப்பான்காரர்கள். சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் எல்லாம் டெல்டா காட்டிய வழியில் வந்தவைதான். லான்சரின் சாதுவான அண்ணன் தம்பிகள் நம்ம திருவள்ளூர் ஃபாக்டரியில் தயாரானார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கம்பெனி தானே சம்பாதித்த நல்ல பெயரைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதக் கூடாது. வேறொருவர் காசு கொடுத்து வாங்கும்போதுதான் அதற்கு மதிப்புப் போடலாம். படித்தபோது கிறுக்குத்தனமாகப் பட்டது. லான்சியாவைப் பார்த்தால் புத்தகம் எழுதியவர் விவரமானவர் என்று தோன்றுகிறது. 2018-ல் எயூஜீனியோ ஆமோஸ் என்ற இத்தாலிக்காரர் பழைய இன்டெக்ராலேயை வாங்கி, பிரித்து, இரண்டு கதவாக்கி 'ஃபுட்டூரிஸ்டா' என்று பெயர் வைத்தார். 20 கார்தான். விலை சுமார் 3 லட்சம் யூரோ. நல்ல நிலையில் இருக்கிற பழைய எவல்யூஸியோனே ஏலத்தில் 1 லட்சம் யூரோவைத் தாண்டியிருக்கிறது. ஆக, பெயருக்கு விலை இருக்கிறது. கம்பெனி கல்லாவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. 2024-ல் புதிய இப்சிலான் வந்து, அதிலிருந்து ஒரு ராலி காரும் செய்து, மறுபடி எச்.எஃப். எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். வரட்டும். முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கேற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தேகமாகத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

2022-ல் ஆம்பூர் தோல் வியாபாரிகளைப் பற்றி எழுதுவதற்காக அவர்களில் ஒருவரோடு விசென்ஸா மாவட்டத்துக்குப் போயிருந்தேன். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. பாய்க்கு இருபது வருஷப் பழக்கம், இத்தாலியன் சரளம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எதிர் வீட்டு வாசலில் சிவப்பாக ஒரு எவல்யூஸியோனே! வீடியோ கேம் காலத்துக்குப் பின் முதல் தரிசனம். நான் நின்ற நிலையைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். 1996-ல் செகண்ட்ஹேண்டாக வாங்கினாராம்.

"துரு பிடிக்குமாம் தம்பி. கண்ணாடி ஓரமெல்லாம் வெட்டி ஒட்டியிருக்காராம். பார்ட்ஸ் கிடைக்காம ரெண்டு வருஷம் ஷெட்லயே நின்னுதாம்" என்று பாய் மொழிபெயர்த்தார்.

"ஏன் பாய், வித்துட்டு வேற வாங்கலாமே?"

பெரியவர் பதில் சொல்லாமல் வடக்குப் பக்கம் மலையைக் காட்டினார். 1988, 1989 இரண்டு வருஷமும் டெல்டாவில் உலக சாம்பியனான மிக்கி பியாசியோன் அந்தப் பக்கம் பஸ்ஸானோ ஊர்க்காரர். எங்க ஜில்லாப் பையன் என்றார். கென்யாவின் சஃபாரி ராலியை 2 தடவை அவன் இதில்தான் ஜெயித்தான் என்றார். சொந்தப் பிள்ளை பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்கிற தொனி. மகள் இப்சிலான் ஓட்டுகிறாளாம். "அதுவும் லான்சியாதானே?" என்று கேட்டேன். பாய் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

ஒரு சுற்றுப் போகலாம் என்றார் பெரியவர். இன்டெக்ராலே எல்லாமே இடதுபக்க ஸ்டீயரிங். ஆகவே நம்மூரில் ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் நான். என் முன்னால் வெறும் டாஷ்போர்டு. பாய் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். ஊரைத் தாண்டி மலை ஏறியதும் பெரியவர் கியரை மாற்றினார். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் டர்போ விழித்துக்கொண்டது. முதுகை யாரோ பிடித்துத் தள்ளினார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கிற மாதிரியே தெரியவில்லை. என் வலது கால் தானாக எழுந்து, இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் ஏதோ சொன்னார்.

"பிரேக் அவர் பக்கம்தான் இருக்காம் தம்பி" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே.