கடைசிக் கவ்வி



டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் கூக்காலில் ஜீப்புகள் கிளம்ப மறுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குளிரில் பேட்டரியின் இரசாயன வினை மந்தமாகிவிடுகிறது. காரட் மூட்டைகளோ காத்திருக்கும். உடனே மற்றொரு வண்டியை அருகே நிறுத்தி ஒயர் மாட்டுகிறோம்.

மின்னேற்றத்தின்போது பேட்டரிக்குள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. ஹைட்ரஜனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஒரு பொறி போதும், பெட்டி வெடித்துக் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிறவர்களும் உண்டு. வாயில் பீடியோடு குனிகிறவர்களைக் குறித்து என்ன சொல்வது!

சிவப்பு ஒயரை இரு பேட்டரிகளின் நேர்முனைகளிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரின் ஒரு நுனியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டுங்கள். மறுநுனியை வைக்கும்போதுதான் பொறி பறக்கும். ஆகவே அதைச் செயலிழந்த பேட்டரியில் வையாமல், அவ்வண்டியின் எஞ்சினில், பேட்டரிக்கு எட்டத்தில், பெயிண்ட் இல்லாத உலோகத்தில் கவ்வவிடுங்கள். கழற்றும்போது அந்நுனியே முதலில் வரட்டும்.

அமிலம் கண்ணில் பட்டுவிட்டால், கொடைக்கானல் மருத்துவமனைக்கு மலைப்பாதையில் வெகுநேரம் ஆகும். கண்ணைக் கசக்காமல், நின்ற இடத்திலேயே, குடத்துத் தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிய பிறகே வண்டியேறுங்கள்.