ஊமை ரேடியோவும் நானும்

நான் படிப்பது பி.காம். எனக்கும் சால்டரிங் அயர்னுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஒரு ஹாம் ரேடியோ ரிசீவர் கிட் வாங்கினேன். காரணம், 2011 டிசம்பர் 30.

தானே புயல் கரையைக் கடந்த அன்று எனக்கு எட்டு வயது. மங்கலம்பேட்டையில் கரண்ட் இல்லை, போன் இல்லை. கடலூரில் இருந்த அத்தை என்ன ஆனாங்க என்று தெரிய மூன்று நாள் ஆனது. அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்து பாரதி பிரசாத் என்ற ஹாம், வெறும் ரேடியோவை வைத்துத் தகவல் அனுப்பினார் என்று பின்னால் படித்தபோது, விட மனசு வரவில்லை.

கிட் சின்னதுதான். ஏரியலில் வரும் 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையோடு, உள்ளே இருக்கும் ஆசிலேட்டரின் அலையைக் கலந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குரலாக வெளியே வரும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டால்... ஊமை! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

விருத்தாசலத்தில் முன்பு ரேடியோ ரிப்பேர் பார்த்த அண்ணன் ஒருவர் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் எல்எம்386 ஐசியின் மூன்றாவது காலைத் தொட்டார். ஸ்பீக்கரில் 'உர்ர்'. "ஆடியோ நல்லா இருக்கு தம்பி, முன்னாடி பாரு" என்றார். அடுத்து ஒரு ஷார்ட்வேவ் டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்து 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினார். ஆசிலேட்டர் ஓடினால் அந்த இடத்தில் டிரான்சிஸ்டரின் இரைச்சல் சட்டென்று அடங்கணுமாம். எங்கேயும் அடங்கவில்லை.

குற்றவாளி நான்தான். காயில் கம்பியின் மேல் இருக்கும் இனாமல் பூச்சைச் சுரண்டாமலே ஈயம் வைத்திருக்கிறேன்! பிளேடால் சுரண்டி மறுபடி வைத்ததும் 7.35-இல் இரைச்சல் அடங்கியது. ராத்திரி வீட்டில் கேட்டால் விசிலோடு சீன ஒலிபரப்பு. 7.2-க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் ராஜ்ஜியம். ஹாம்களுக்கு 7.0 முதல் 7.2 வரைதான். காயிலின் சுற்றுகளை நெருக்கித் தள்ளத் தள்ள இண்டக்டன்ஸ் ஏறி, அலைவரிசை கீழே இறங்கியது. இம்மி இம்மியாகத் தள்ளி 7.1-க்குக் கொண்டுவர ஒரு சாயங்காலம் ஆனது. டிரிம்மரைத் திருப்ப மட்டும் மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டேன், இரும்பு பட்டால் டியூனிங் ஓடிவிடுகிறது.

தென்னை மரத்துக்கும் மாடிக்கும் நடுவே 20 மீட்டர் கம்பி. கேட்டதெல்லாம் கரகரப்பு. ஒரு நாள் காலை ஏழரைக்குக் கரண்ட் போனது. தெருவில் உள்ள சார்ஜர், எல்இடி பல்பு எல்லாம் அணைந்ததும் கரகரப்பும் போய்விட்டது! வாத்து கத்துவது போல ஏதோ கேட்டது. மெதுவாகத் திருப்பினால், தமிழ்! இரண்டு பேர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"நாம பேசினா அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காதுப்பா. அதுக்கு வேற மிஷின் வேணும். பரீட்சை எழுதி கவர்மெண்டுகிட்ட லைசென்ஸ் வாங்கணும்."

"எப்போ பரீட்சை?"

எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர் இருப்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.