தொடாமல் வளர்ப்பது

செல்லப்பிராணி என்றால் தடவிக் கொடுக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் படிக்கும் என் நானா ஒரு டரன்டுலா சிலந்தியை வாங்கிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

செய்தி கேட்ட உம்மாவுக்குத் தலை சுற்றியது. “ஒரு பூனைய வளர்த்தாப் போதாதா மகன்? விசப்பூச்சியோட ஒரே அறையில எப்படிப் படுக்கிற?” என்று கேட்டார். வாடகை அறையில் பூனைக்கு அனுமதி இல்லையாம். “அறைக்கு வந்தா உசிருள்ள ஒன்டு இருக்கணும் உம்மா” என்றார் நானா. அதற்குமேல் உம்மா பேசவில்லை.

உயிரியல் படிப்பவள் என்பதால் விபரம் தேடுவது என் வேலையாயிற்று. அது மெக்சிக்கோ நாட்டுச் செம்முழங்கால் டரன்டுலா. சாதுவானது, புதிதாக வளர்ப்போருக்கு ஏற்றது. ஆனால் கையில் எடுக்கக்கூடாது. பயந்தால் வயிற்று மயிர்களை உதறும்; அவை தோலில் பட்டால் அரிப்பு. சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறந்துவிடலாம். பெண் சிலந்தி 20 வருடங்களுக்கு மேல் வாழும். வாங்க ஒரு நாள் போதும், பொறுப்போ பாதி ஆயுளுக்கு!

சில மாதங்களின் பின், இரண்டு வாரமாகத் தீனியைத் தொடாத சிலந்தி ஒருநாள் மல்லாந்து கிடந்தது. “செத்துப் போச்சு போல தங்கச்சி, எடுத்துப் பார்க்கவா?” என்று நானா பதறினார். “வாணாம் நானா, தொட வாணாம்” என்றேன். சாகும் டரன்டுலா பெரும்பாலும் நிமிர்ந்தபடியே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடப்பது பழைய புறவன்கூட்டைக் கழற்றுவதற்காக. அந்நேரம் அதன் உடல் மிக மென்மையானது. உதவி என்று நினைத்துத் தொட்டாலே ஆபத்து.

காத்திருந்தோம். உம்மாவும் தொலைபேசியின் அருகிலேயே இருந்தார். சில மணி நேரத்தில் பழைய தோல் ஒரு பக்கம், பளிச்சென்ற செம்முழங்கால்களுடன் சிலந்தி மறுபக்கம். “அல்ஹம்துலில்லாஹ்” என்றது உம்மாவேதான்.

இதைக் கேட்ட தோழியர் சிலர், “நாமும் ஒன்றைப் பிடித்து வளர்ப்போமா?” என்றார்கள். நம் காடுகளின் மரப்பொந்துகளிலும் டரன்டுலாக்கள் உண்டு. அந்த இனத்தொகுதி உலகிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. 2019 முதல் அதன் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். நானாவுடையது வளர்ப்பிடத்தில் பிறந்தது; நம்முடையது காட்டுக்குச் சொந்தமானது. அதை அங்கேயே விட்டுவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய வளர்ப்பு.

அந்தச் சிலந்திக்கு நானாவை அடையாளம் தெரியாது. கூப்பிட்டால் வராது. ஆனாலும் அவர் தண்ணீர் மாற்றுகிறார், தீனி போடுகிறார், தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்பு செலுத்தத் தொடவேண்டிய அவசியமில்லை என்பதை நான் அதிலிருந்துதான் கற்றேன். கடல் கடந்த மகனை உம்மாவும் அப்படித்தானே பார்க்கிறார்!

இப்போதெல்லாம் இஷாவுக்குப் பின் அழைப்பு வந்தால் உம்மா இரண்டு கேள்வி கேட்கிறார்: “நீ சாப்பிட்டியா மகன்? அது சாப்பிட்டிச்சா?”