எட்டுக்குப் பத்தில் ஒரு பட்டறை

சென்னை அயனாவரத்தில் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நானும் நண்பரும் நடந்துபோனோம். வீட்டு வாசலில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் ஸ்பானர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மெக்கானிக் மாஸ்டர் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு மரப்பெட்டி. வீட்டில் இருக்கப்போவது கூடைக்கும் வெளியே போகப்போவது பெட்டிக்கும் என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

நண்பருக்கு வங்கி வேலை. ஆசைப்பட்டு ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தானே பிரித்து மாட்ட வேண்டும், வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு சின்னப் பட்டறை போட வேண்டும், என்னென்ன வாங்கலாம் என்று கேட்பதற்காகத்தான் மாஸ்டரைத் தேடி வந்தோம். வந்த இடத்தில் மாஸ்டருக்கும் அதே கவலை. இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்திய கட்டடத்தை உரிமையாளர் இடித்துக் கட்டப்போகிறார். புது இடத்துக்குக் கேட்கிற முன்பணம் கட்டுப்படியாகவில்லை. வீட்டின் முன்வராண்டாதான் இனிமேல் பட்டறை. எட்டடிக்குப் பத்தடி. அதற்குள் ஒரு வண்டி நிற்க வேண்டும், அதைச் சுற்றி ஒரு மனிதர் நகர வேண்டும், வீட்டுக்குள் போகிறவர்களுக்கு வழியும் விட வேண்டும்.

"எது வேணும்னு யோசிச்சா எல்லாமே வேணும்தான் சார். கடைசியா எப்போ கையில எடுத்தேன்னு யோசிக்கிறேன். அப்போ பெட்டி தானா ரொம்புது" என்றார்.

பெட்டியில் முதலில் விழுந்தவை பழைய புல்லட்டின் விட்வொர்த் ஸ்பானர்கள். அந்தக் கணக்கே வேறு. இன்றைய ஸ்பானரில் 12 என்று போட்டிருந்தால் நட்டின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே 12 மில்லிமீட்டர். விட்வொர்த்தில் போட்டிருக்கும் அளவு உள்ளே இருக்கும் போல்ட்டின் தடிமன். தெரியாதவன் அளவை வைத்து எடுத்தால் வாய் பொருந்தாது. பழைய புல்லட் மட்டுமே பார்க்கிற ஒரு சீடனுக்கு அவற்றைக் கொடுத்துவிடப்போகிறாராம். ஏர் கம்ப்ரஸரும் வெளியே. அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நாலு அங்குல வைஸ் மட்டும் கேள்வி இல்லாமல் உள்ளே வந்துவிட்டது. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா விட்டுப்போன அரமும் அதனோடு வந்தது.

கூடையில் சேர்ந்தவை நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 8, 10, 12 டி-ஸ்பானர்கள். ஒரு பக்கம் ரிங், மறு பக்கம் வாய் உள்ள ஸ்பானர்கள் 8 முதல் 17 வரை. அரை அங்குல ராட்செட்டும் ஏழெட்டு சாக்கெட்டும். பிளக் ஸ்பானர் இரண்டு: பழைய வண்டிக்கு 21, புது வண்டிக்குப் பெரும்பாலும் 16. ஃபீலர் கேஜ், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், மேக்னட் புல்லர், கிளட்ச் பிடிக்கிற கருவி, டயர் லிவர் இரண்டு, மல்டிமீட்டர். "இதுல நூத்துக்குத் தொண்ணூறு வேலை முடிஞ்சிடும்."

நண்பர் இணையத்தில் வாங்கிய 108 உருப்படி டூல் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் அதில் ஒரு சாக்கெட்டை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு முனை. சாக்கெட்டில் ஆறு முனை உள்ளதைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்றார். ஆறு முனை நட்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து இழுக்கும். பன்னிரண்டு முனை மூலைகளைத்தான் கவ்வும். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. மேலே குரோம் வெனேடியம் என்று பொறித்திருப்பதை நம்ப வேண்டாம், எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம் என்றும் சொன்னார். நண்பர் அதைப் பின்சக்கர நட்டில் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறார். சாக்கெட்டின் வாய் விரிந்துபோயிருந்தது.

அடுத்து அவர் கையில் எடுத்த பொருளோடுதான் அன்றைய பொழுது போனது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத கனத்த இரும்பு உருளை. ஒரு முனையில் பிட் மாட்டலாம். மறு முனை சுத்தியல் அடி வாங்கி வாங்கிக் காளான் தலைபோல விரிந்திருந்தது. உடம்பில் சென்டர் பஞ்சால் குத்திய மூன்று புள்ளிகள். இம்பேக்ட் டிரைவர், பட்டறையில் வெறும் 'இம்பேக்ட்'.

1987-ல் பதின்மூன்று வயதில் மாஸ்டர் ஓட்டேரிப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். ஆர்எக்ஸ் 100 வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வண்டியின் இன்ஜின் பக்க மூடியை அலுமினியக் கூட்டோடு பிடித்திருப்பவை பிளஸ் தலை ஸ்க்ரூக்கள். அலுமினியத்துக்குள் இரும்பு, அதன்மேல் இன்ஜின் சூடு, மழைத்தண்ணீர். நாளாக ஆக இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பையன் கையில் கிடைத்த திருப்புளியைப் போட்டுத் திருகினான். திருப்புளி வழுக்கி மேலே ஏறியது. மறுபடி திருகினான். நாலாவது முறையில் பிளஸ், குழியாகிவிட்டது.

"வாத்தியார் அடிக்கல சார். டிரில்லைக் கையில குடுத்து, 'நீ கெடுத்ததை நீயே எடு, மரைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு." விடிய விடிய உட்கார்ந்து எடுத்தானாம். மறுநாள் வாத்தியார் ஸ்க்ரூவின் தலையைக் காட்டினார். பிளஸ் கோட்டுக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் அளவு. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை கொஞ்சம் கூராக நீண்டிருக்கும். ஜப்பான் ஸ்க்ரூவில் அந்த முனை அடியில் போய் முட்டிக்கொள்வதால் இறக்கைகள் பள்ளத்தில் முழுதாக உட்காராது. விசை கொடுத்தால் ஏறி வழுக்கும். ஜப்பான் திருப்புளியின் முனை தட்டையானது. அடிவரை இறங்கி உட்காரும்.

ஸ்க்ரூ இறுகியிருந்தால் இம்பேக்ட். பின்னந்தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால், உள்ளே சாய்வாக வெட்டிய பள்ளம் அந்த அடியைத் திருப்பமாக மாற்றும். கீழே அழுத்துவதும் திருப்புவதும் ஒரே நொடியில் நடப்பதால் பிட் மேலே ஏற வழியில்லை. கைத் திருப்புளியில் மனிதனால் முடியாத காரியம் இதுதான். முதல் ஆறு மாதம் வாங்கிய வாரக்கூலியைச் சேர்த்துவைத்து அந்த இம்பேக்டை வாங்கியிருக்கிறார். மூன்று புள்ளிகள் அவருடைய அடையாளம். பட்டறைகளில் கருவி கைமாறிக்கொண்டே இருக்கும். பெயர் பொறித்தால் தேய்ந்துவிடும், புள்ளி தேயாது. அன்று சாக்கில் கிடந்த ஒவ்வொன்றிலும் அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தேன். சிலவற்றில் ஆயுத பூஜைச் சந்தனமும் காய்ந்து ஒட்டியிருந்தது.

டார்க் ரெஞ்ச் அவரிடம் தாமதமாக வந்த கருவி. முப்பது வருடம் கை அளவுதான். அலுமினியத்தில் மரை பிய்ந்துபோய் இரண்டு முறை லேத்துப் பட்டறைக்கு அலைந்த பிறகு வாங்கியிருக்கிறார். 10 ஸ்பானர் போடுகிற ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அனுபவப்பட்ட கை அதைவிட அதிகமாகத்தான் இறுக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். 'டிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். அதைக் கொண்டு நட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கிவைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோகும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை, கையில் அளவு படியாதவருக்குத்தான் இது முதலில் வேண்டும் என்று நண்பரைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் பட்டறை போடுகிறவர்களுக்கு அன்று மாஸ்டரின் மனைவி, எங்களுக்கு அண்ணி, சொன்ன ஒன்று இதையெல்லாம்விட முக்கியம். டீ கொண்டுவந்தவர், வாசல் மாடத்தில் மாலையில் வைக்கும் விளக்கை உள்ளறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து அறையின் மறுகோடிக்குப் போகும். கார்பரேட்டரைத் திறந்துவைத்த இடத்திலிருந்து சமையலறை பத்தடி. அதனால் அண்ணி அடுப்பு பற்றவைத்தால் மாஸ்டர் பெட்ரோல் பைப்பில் கை வைப்பதில்லை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள் என்று நண்பரிடம் இரண்டு தடவை சொன்னார். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. காருக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை நம்பக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகே படுக்க வேண்டும்.

கடைசியில் ஒரு கறுப்புப் பை வெளியே வந்தது. உள்ளே ஸ்கேனர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததோடு புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் போய்விட்டது. பெட்ரோலை ஊசிபோலப் பீய்ச்சுவதைச் சின்னக் கணினி ஒன்று கவனிக்கிறது. பழுது என்னவென்று அது பெரும்பாலும் ஸ்கேனரிடம்தான் சொல்லும். மாஸ்டர் நகையை வைத்து ஒரு ஏஜென்ட்டிடம் இதை வாங்கினார். ஒரு வருடம் வேலை செய்தது. பிறகு புது மாடல்களுக்கு அப்டேட் என்று வருடாவருடம் பணம் கேட்டது. ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது; அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இவ்வளவும் தாளில் இருக்கிறது. அயனாவரத்துச் சந்தில் இருப்பது புது மாடலோடு பேசாத ஒரு ஸ்கேனர். இரும்பு ஸ்பானரை வாங்கினால் அது வாங்கியவருக்குச் சொந்தம். பேரன் வரை உழைக்கும். ஸ்கேனருக்கு முழு விலை கொடுத்த பிறகும் வாடகைக்காரர் போலத்தான் மாஸ்டர் நிற்கிறார். தொழில் தெரிந்த ஒருவருக்கும் அவர் தொழிலுக்கும் நடுவே ஒருவன் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்கக் காசு கேட்பதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்ற கருவிக்கு இத்தனை வருடம் அப்டேட் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கச் சங்கமாகத் திரள வேண்டியவர்கள் சந்துக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

மாஸ்டர் ஸ்கேனரைப் பெட்டியில் போடவில்லை. துடைத்துக் கூடையில்தான் வைத்தார். "பழைய மாடலுக்கு இன்னும் பேசுது சார்."

அடுத்த ஞாயிறு நண்பர் பாரிமுனையில் வாங்கியவை ஆறே பொருள்கள். ஆறு முனை சாக்கெட்டுகள் 10, 12, 14, ஜப்பான் முனைத் திருப்புளி ஒன்று, சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று, இம்பேக்ட் ஒன்று. அயனாவரத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினோம். மாஸ்டர் புது இம்பேக்டின் தலையைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு அதை வைஸில் பிடித்து, சென்டர் பஞ்சையும் சுத்தியலையும் நண்பரிடம் நீட்டினார்.

"உங்களுக்கு எத்தனை புள்ளி சார்?"

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு குத்தினார்.