எண்பதாயிரம் நாற்காலி

விழுப்புரம் நகரத்தின் ஜனத்தொகை, 2011 கணக்குப்படி 96,253. அமெரிக்காவில் க்ரீன் பே என்ற ஊர் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அங்கே 1957-ல் திறந்த லாம்போ ஃபீல்ட் ஸ்டேடியத்தில் இன்று 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். (திண்டிவனத்தின் 72,796 பேரும் கைக்குழந்தையோடு போனாலும் சீட் மிச்சம்.) புல் உறையாமலிருக்க மண்ணுக்கடியில் மின்கம்பி பதித்தார்கள். 1967 டிசம்பர் 31 மேட்ச்சில் குளிர் மைனஸ் 25 டிகிரி. கம்பி மக்கர் பண்ணி, தரை ஐஸாகிவிட்டது. ஆட்டம் நடந்தது, ஜனங்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. பேக்கர்ஸ் டீமுக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். டிவிடெண்ட் பைசா வராது. பத்திரத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிற நம்மாட்கள்தான்!

திண்டிவனத்தில் சின்ன வயசில் கபடிப் போட்டிக்கு ரசீது புத்தகத்தோடு கடைகடையாக ஏறியிருக்கிறேன். பத்து ரூபாய் தந்த சைக்கிள் கடைக்காரர் மூன்று நாளும் கயிற்றுக்கு வெளியே நின்றே பார்த்தார். கடைசி நாள், "ஒரு பெஞ்சாவது போடக்கூடாதாப்பா? நம்ம போட்டிதானே" என்றார்.

அடுத்த வருஷம் பெஞ்ச் போட்டோம். அவர் மகன்தான் வந்தான். பத்து ரூபாய் கொடுத்து, அப்பா பேருக்கே ரசீது கேட்டான்.